கண்ணாடிப் பேழையில் பசும்பாசி வளர்க்கும் முறை

வால்பாறைக்கோ நீலகிரிக்கோ சென்று திரும்புவோர், வழியில் ஈரப்பாறையின்மேல் மெத்தைபோல் படர்ந்திருக்கும் பாசியைக் கண்டு ஆசைப்பட்டு, ஒரு பிடி பெயர்த்து வந்து கண்ணாடிச் சாடியிலிட்டு வீட்டில் அழகுக்கு வைப்பதுண்டு. இவ்வாறு அமைத்த பேழைகள் நகரத்துக் கடைகளிலும் விற்பனைக்கு வருகின்றன. ஆங்கிலத்தில் இதனை டெர்ரேரியம் என்பர். நவராத்திரிக் கொலுவில் கேழ்வரகும் கடுகும் முளைக்க வைத்துப் புல்தரை காட்டுவதுபோல, பாசியைப் பரப்பிப் பசுந்தரை காட்டும் வீடுகளும் உண்டு. வைத்த புதிதில் கண்ணுக்குக் குளிர்ச்சியாயிருக்கும் இப்பாசி, தை மாதம் வரையில் ஒருவாறு தாக்குப்பிடித்து, மாசியில் நிறம் மங்கி, பங்குனியில் பழுத்து, சித்திரையில் கறுத்து நாறிப்போவது வழக்கம். நிறம் மங்கியதைக் கண்டவுடன் தண்ணீர் போதவில்லையென்று எண்ணி மேலும் தண்ணீர் தெளித்து, மூடியை இன்னும் இறுக மூடுகின்றனர். அது முன்னினும் விரைவாக அழிகிறது.

கொங்கு நாட்டில் பேழைப் பாசி தாகத்தால் சாவது அரிது. இரவிலும் தணியாத வெப்பத்தில் ஈரத்துடன் அடைபட்டிருப்பதாலும், ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பினாலுமே அது பெரும்பாலும் சாகிறது. இவ்விரண்டு காரணங்களையும் அறிந்துகொண்டவர்க்கு, வேறு செலவில்லாமல், சமவெளியிலும் பாசியை ஆண்டுக்கணக்கில் காப்பாற்றுவது இயலும்.

முதலில் பெயரைப்பற்றிச் சிறிது கூற வேண்டும். தமிழில் பாசி என்ற ஒரு சொல் பல பொருள்களுக்கு வழங்குகிறது. குளத்து நீரில் மிதப்பதும் பாசி. படித்துறையில் வழுக்குவதும் பாசி. கடலில் விளைவது கடற்பாசி. மசாலைச் சாமான்களோடு விற்கும் கல்பாசியோ பாசியே அன்று. பூஞ்சையும் நுண்பச்சைச் செடியும் கூடி வாழும் வேறோர் இனம். இக்கட்டுரையில் கூறப்படுவது இவற்றில் எதுவும் அன்று. சுவரிலும் பாறையிலும் மரப்பட்டையிலும் சிறு சிறு தண்டும் இலையுமாக நெருங்கி முளைத்து, தொட்டால் வெல்வெட்டுத் துணிபோலிருக்கும் செடியினமே இங்குப் பசும்பாசி எனப்படுகிறது. ஒரு தட்டையான பூதக்கண்ணாடியைக் கொண்டு நோக்கினால், வழவழப்பான சகதியாயின்றி, ஒவ்வொன்றும் தனித்தனிச் செடியாய் நிற்பது நன்கு தெரியும். மழைக்குப் பின் அவற்றின் உச்சியிலிருந்து மயிரிழை போன்ற காம்புகள் எழுந்து, நுனியில் கடுகினும் சிறிய குப்பிகளைத் தாங்கி நிற்கும். அக்குப்பிகளில் உள்ள தூளே இச்செடிக்கு வித்து.

இதற்கு வேர் இல்லை. அடியில் காணும் பழுப்பு நிற இழைகள் பற்றிக்கொள்வதற்கே பெரிதும் பயன்படுவன. நீரையும் உணவுச் சத்துக்களையும் இலைகளே நேராக உறிஞ்சுகின்றன. இலையோ பெரும்பான்மை ஒரே ஓர் அடுக்குக் கண்ணறைகளால் ஆனது. நெல், கரும்பு முதலியவற்றின் இலைமேல் இருப்பதுபோன்ற தடித்த மெழுகுப் பூச்சு இதற்குக் கிடையாது. ஆகையால் நீர் எவ்வளவு எளிதில் உட்புகுமோ அவ்வளவு எளிதில் வெளியேறியும் விடும். காற்று உலர்ந்தால் செடியும் உலரும். காற்று ஈரமானால் செடியும் ஈரமாகும். உலர்ந்த நிலையில் பல இனங்கள் இறந்துவிடுவதில்லை. இலையைச் சுருட்டிக்கொண்டு உறங்குகின்றன. மழை விழுந்த சில நிமிஷங்களில் மறுபடியும் விரிந்து பச்சையாகின்றன. சித்திரை வெயிலில் மதிற்சுவரின்மேல் கரிபோல் ஒட்டிக் கிடந்தது, ஒரு கோடை மழை பெய்த மறுநாட் காலையில் பச்சைப் பசேலென்று நிற்பதைக் காணாதவர் இரார். இச்செடியின் இயல்பு முழுவதும் இந்த ஒரு காட்சியில் அடங்கியிருக்கிறது.

கண்ணாடிப் பேழையின் வரலாறு

செடியைக் கண்ணாடிக்குள் அடைத்து வளர்க்கும் வழக்கம் லண்டனில் தோன்றியது. நதானியேல் பாக்ஷா வார்டு என்ற வைத்தியர் தம் வீட்டுக் கொல்லையில் கற்களை அடுக்கிப் பாசியும் பெரணியும் வளர்க்க முயன்று, சுற்றிலுமிருந்த தொழிற்சாலைப் புகையால் அவை பட்டுப்போகக் கைவிட்டார். 1829-ஆம் ஆண்டில், ஓர் அந்துப்பூச்சியின் கூட்டை ஈரமண்ணில் புதைத்து மூடியிட்ட போத்தலில் வைத்திருந்தபோது, அம்மண்ணிலிருந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் தாமே முளைக்கக் கண்டார். பகலில் மண்ணிலிருந்து எழுந்த ஆவி கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணிலே வடிந்ததால், தண்ணீரே ஊற்றாமல் அவை ஏறக்குறைய 4 ஆண்டுகள் வாழ்ந்தன. முடிவில் அவை மடிந்த விதம் குறிப்பிடத்தக்கது. மூடி துருப்பிடித்து, மழைத் தண்ணீர் அளவுக்கு மிஞ்சி உள்ளே இறங்கியதால் அவை அழிந்தன. உலகில் முதன்முதல் பேர்பெற்ற கண்ணாடிப் பேழையும் தண்ணீர் மிகுதியாலேயே கெட்டது.

1833-ல் அவர் செடிகள் நிறைந்த இரண்டு பேழைகளைக் கப்பலில் சிட்னிக்கு அனுப்பிப் பரீட்சித்தார். அது முதல் தேயிலை, சிங்கோனா முதலிய பயிர்கள் கடல் கடந்து வர இப்பேழைகளே உதவின. நீலகிரிக்கும் இவை வந்தன. மலைக்காய்ச்சலுக்கு மருந்தான கொயினாவைத் தரும் சிங்கோனாச் செடிகளைப் பெரு தேசத்திலிருந்து கிளெமென்ட்ஸ் மார்க்கம் 1860-ல் பேழைகளில் அடைத்து உதகமண்டலத்துக்குக் கொண்டுவந்தார். பேழைக்குள் ஈரத்துக்குக் குறைவில்லை. ஆயினும் செங்கடல் வழியாக வரும்போது தாக்கிய கடும் வெப்பத்தால் அவை நலிந்து, வந்தபின் பிழைக்கவில்லை. அடுத்த ஆண்டில் வந்து சேர்ந்த விதைகளும் செடிகளுமே நீலகிரிச் சிங்கோனாத் தோட்டங்களுக்கு அடிப்படையாயின. அவற்றை ஏற்றுப் பெருக்கியவர் வில்லியம் கிரஹாம் மக்கைவர். உதகமண்டலத்துத் தாவரத் தோட்டத்தை உருவாக்க 1848-ல் வந்த இவர், அதற்கு முந்திய ஆண்டில், பசும்பாசிக்கு நெருங்கிய உறவான ஈரற்செடிகளைப்பற்றி நூல் வெளியிட்டவர். பாசியினத்தை நுட்பமாக அறிந்த ஒருவரே அத்தோட்டத்தை அமைத்தார் என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

பேழை ஈரத்தைக் காப்பதுபோல வெப்பத்தையும் காக்கும். லண்டனில் அது நன்மை. கோயமுத்தூரில் அது தீமை. அந்நாட்டுப் புத்தகங்களில் கண்ட முறையை அப்படியே இங்குக் கையாள்வோர் ஏமாற்றம் அடைவது இதனால்தான்.

இரவின் வெப்பம்

பசும்பாசியின் வாழ்வைக் குடியானவன் வரவுசெலவோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். பகல் வெளிச்சத்தில், உடல் ஈரமாயிருக்கும்போது, அது காற்றிலுள்ள கரியமிலவாயுவைக்கொண்டு மாவுப்பொருளைச் சமைக்கிறது, இது வரவு. ஈரமாயிருக்கும் நேரமெல்லாம், இரவும் பகலும், அது சுவாசித்து அப்பொருளைச் செலவழிக்கிறது. உலர்ந்துவிட்டால் வரவும் இல்லை, செலவும் இல்லை. சுவாசச் செலவு வெப்பத்தோடு ஏறுவது. சுமார் 10 டிகிரி சென்டிகிரேடு உயர்ந்தால் செலவு ஏறத்தாழ இருமடங்காகும். வரவு அவ்வாறு ஏறுவதில்லை. வீட்டுக்குள் உள்ள மங்கலான வெளிச்சத்தில் அது ஏற வழியுமில்லை.

உதகமண்டலத்தில் கோடையிலும் இரவு வெப்பம் 12 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். கோயமுத்தூரில் சித்திரை இரவுகளில் வெளியிலேயே 23, 24 டிகிரி இருக்கும். பகலெல்லாம் காய்ந்த மொட்டைமாடியின் கீழ் உள்ள அறையிலோ இன்னும் அதிகம். எனவே உதகமண்டலத்துப் பாசி இங்கு ஈரமாக அடைபட்டு இரவைக் கழித்தால், அங்குச் செலவழிப்பதைப்போல் இருமடங்கும் அதற்கு மேலும் செலவழிக்கிறது. பகல் வரவு இதற்கு ஈடு செய்யாது. கையிருப்பைத் தின்று சில வாரங்கள் பச்சையாக நிற்கும். கையிருப்புத் தீர்ந்ததும் பழுக்கும். நலிந்த செடியில் பூஞ்சணம் பற்றும். பார்ப்பவருக்குப் பூஞ்சணமே காரணமாகத் தோன்றும். உண்மையில் அது பிணந்தின்னியே அன்றிக் கொலைகாரன் அன்று. வெப்பமண்டலத்துத் தாழ்ந்த காடுகளில் மழை மிகுந்திருந்தும், மலைக்காடுகளிற்போல் பாசி செழித்து மூடாததற்கும் இரவின் வெப்பத்தையே அறிஞர் ஒரு முக்கிய காரணமாகக் கூறுகின்றனர்.

இதிலிருந்து பெறப்படும் விதி, மற்றப் பயிர்களுக்குச் சொல்லும் விதிக்கு நேர்மாறானது. கத்தரிக்கும் பூச்செடிக்கும் மாலையில் தண்ணீர் விடுவது நலம் என்போம். பேழைப் பாசிக்கு விடியற்காலையில் தெளிக்க வேண்டும். பகல் முழுவதும் ஈரமாயிருந்து உணவு சமைத்து, பொழுது சாயும்போது ஏறக்குறைய உலரும்படி விடவேண்டும். மாலை 5 மணிக்கு மூடியை எடுத்து வைத்து, காலையில் தெளித்தபின் மூடுவதே கோடையில் செய்யத்தக்க முதற்காரியம். தெளிப்பதானால் நன்றாக நனையும்படி தெளிக்க வேண்டும். உலர்ந்த பாசி நனைந்தவுடன் முதலில் தன் உடலைப் பழுது பார்த்துக்கொள்வதிலேயே செலவழிக்கிறது. வரவு சிறிது நேரம் கழித்தே தொடங்கும். அரைமணியில் உலர்ந்துபோகுமாறு மேலாகத் தூவுவதை நாளுக்கு நான்கு முறை செய்வோர், ஒவ்வொரு முறையும் அதனைச் செலவில் தள்ளுகின்றனர்.

தண்ணீர்

வேருள்ள செடியானால் வேண்டாத உப்பில் ஒரு பகுதியை வேரிலேயே தடுத்து நிறுத்தும். பாசிக்கு அந்தக் காவல் இல்லை. தெளித்த தண்ணீர் ஆவியாகிப் போனபின் அதிலிருந்த உப்பு இலைமேலேயே தங்குகிறது. மூடிய பேழையில் வெளியே வடிந்து போகவும் வழியில்லை. வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே வரும். இலை நுனி முதலில் பழுப்பேறி, வெண்பொடி பூத்து, பின் முழுவதும் கருகும்.

பல்லடம், சூலூர், அவிநாசிப் பக்கங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கடினமானது. பல இடங்களில் உவர்ப்பும் உண்டு. இதனை அறிய இரசாயனசாலைக்குப் போகவேண்டியதில்லை. சுடுதண்ணீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் பொருக்குப் படிகிறதா, சவுக்காரம் நுரைக்க மறுக்கிறதா என்று பார்த்தால் போதும். அவ்வாறானால் அந்நீர் பாசிக்கு ஆகாது. காய்ச்சி ஆறவைத்தாலும் உவர்ப்பு நீங்காது. ஆவியானது போக மிச்சத்தில் அது அதிகமே ஆகும். மழைநீரே இதற்கு உத்தமம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கூரை நன்கு கழுவப்பட்டபின் விழும் நீரை ஒரு குடத்தில் பிடித்து, கொசு புகாதபடி துணிகட்டி வைத்தால், ஒரு சிறு பேழைக்கு ஆண்டு முழுவதும் வரும். சிறுவாணித் தண்ணீர் கிடைக்கும் வீடுகளில் அதுவே போதுமானது; அதில் உப்பு மிகக் குறைவு. குழாய்த் தண்ணீரில் குளோரின் மணம் இருந்தால் அகன்ற பாத்திரத்தில் ஓர் இரவு திறந்து வைத்துப் பயன்படுத்தலாம்.

ஐயமுடையோர் பரீட்சை செய்து பார்க்கலாம். ஒரே சுவரில் எடுத்த பாசியை இரண்டாகப் பிரித்து இரண்டு சாசர்களில் வைத்து, ஒன்றுக்கு மழைநீரும் மற்றதற்குக் கிணற்று நீரும் ஒரே அளவாகத் தெளித்து, இரண்டையும் ஒரே ஜன்னலில் வைக்க வேண்டும். உவர் மிகுந்த ஊர்களில் சில வாரங்களுக்குள் வேற்றுமை தெரியத் தொடங்கும். பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு இதனைச் செய்விப்பது மிகவும் நல்லது. நாற்றங்காலுக்கும் பூந்தொட்டிக்கும் அந்நீர் செய்யும் கெடுதியை, மெதுவாக நடப்பதால் கண்ணுக்குத் தெரியாததை, பாசி விரைவில் காட்டிவிடும்.

எந்தப் பாசி

மலையிலிருந்து கொண்டுவந்த பாசி சமவெளியில் நிலைப்பதில்லை என்பது மேற்கூறியவற்றால் விளங்கும். அதனை எடுப்பது குற்றமும் ஆகும். 1927-ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டம் வன விளைபொருள்களின் விளக்கத்தில் புல், கொடி, நாணலோடு பாசியையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. இங்கு நடைமுறையிலுள்ள 1882-ஆம் ஆண்டு வனச் சட்டப்படியும், காப்புக் காட்டிலிருந்து அனுமதியின்றி எதையும் எடுத்தல் கூடாது. சட்டம் ஒருபுறமிருக்க, சோலைக்காட்டில் மரங்களின்மேலும் பாறைகளின்மேலும் உள்ள பாசி, மழையையும் மூடுபனியையும் தன்னுள் வாங்கி மெல்ல மெல்லக் கசியவிடுவது. நொய்யலும் பவானியும் ஆழியாறும் அத்தகைய மலைகளிலிருந்தே வருகின்றன. உள்ளங்கையகலம் பாசி படர ஆண்டுகள் பல ஆகும். பெயர்த்த இடத்தில் மண் வெறுமையாகி முதல் மழையில் கரையும். கீழே கொண்டுவந்ததோ சித்திரையைக் காண்பதில்லை. பை பையாகப் பாசியை விற்போரிடம் அது எங்கிருந்து வந்தது என்று கேட்டு, விடை சரியாயில்லாவிடில் வாங்காமல் இருப்பதே முறை.

இனி, இங்கேயே இருக்கும் பாசியைப் பார்ப்போம். தொட்டிக்கட்டு வீட்டு முற்றத்தில் கூரைநீர் விழும் இடம், கிணற்றுச் சுவரின் உட்புறம், தண்ணீர்த் தொட்டியின் நிழற்பக்கம், பழைய சுண்ணாம்புச் சுவர், செங்கல் வரப்பு, பூந்தொட்டியின் விளிம்பு ஆகிய இடங்களில் முளைத்திருப்பது, தலைமுறை தலைமுறையாக இவ்வூர் வெயிலுக்குப் பழகிய இனம். சுவர்களில் சாதாரணமாகக் காணும் ஹையோபிலா என்பது காய்ந்தால் இலையை உட்புறமாகச் சுருட்டிக்கொள்வது. தண்ணீர் பட்டவுடன் விரிவதை வைத்த கண் வாங்காமல் பார்க்கலாம். வெள்ளி மினுமினுப்புடன் கற்களின் இடுக்கில் குட்டையாக முளைக்கும் பிரையம் என்ற இனம் உலகமெங்கும் நகரங்களில் காணப்படுவது. இவை மலைப் பாசியைப்போல் நீண்டு அடர்ந்து மயக்கும் அழகுடையன அல்ல. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும் உயிரோடிருக்கும் குட்டைப் பாசி, செத்த நெட்டைப் பாசியினும் மேலானது.

மலையினங்களின் வகை மிகப் பெரிது. பழநி மலைகளின் பாசிகளை மட்டும் ஆராய்ந்து, செண்பகனூரில் இருந்த பாதிரியார் ஜார்ஜ் ஃபோரோ எழுதிய விவரம் 1961-ல் வெளியாயிற்று. மலைமேல் வசிப்போர் தம் வீட்டு மதிலில் தாமே முளைத்ததை அங்கேயே வளர்த்துக்கொள்வதில் தடையில்லை. அவர்களுக்கு இக்கட்டுரையின் எச்சரிக்கைகளில் பாதி வேண்டியதில்லை.

எடுக்கும் காலம் கார்த்திகையும் மார்கழியும். முதல்நாள் தண்ணீர் தெளித்து, மறுநாட் காலை மெல்லிய கரண்டியையோ பழைய கத்தியையோ அடியில் செலுத்தி, கையகலத்துக்கு மிகாமல், அடிமண்ணோடு பெயர்க்க வேண்டும். ஓரிடத்திலேயே சுரண்டாமல் அங்கங்கே சிறிது எடுத்தால் சுவர் மறுபடியும் மூடிக்கொள்ளும். நத்தைக் குஞ்சும் எறும்பும் ஒளிந்திருக்கும். மழைநீரில் மெல்ல அலசி, நிழலில் ஒரு நாள் வைத்துப் பார்த்த பிறகே பேழைக்குள் சேர்க்க வேண்டும்.

அமைக்கும் விதம்

வாய் குறுகிய போத்தலைவிட, கை நுழையுமளவு அகன்ற வாயுள்ள கண்ணாடிச் சாடியே இந்நாட்டுக்கு ஏற்றது. அடியில் ஓர் அங்குலம் செங்கல் துண்டும், அதன்மேல் நொறுக்கிய அடுப்புக்கரி அரை அங்குலமும் பரப்பி, மேலே சலித்த செம்மண் இரண்டு பங்கும் ஆற்றுமணல் ஒரு பங்கும் கலந்து ஓர் அங்குலம் இட வேண்டும். எருவோ உரமோ ஒரு துளியும் கூடாது. உரமிட்டால் முதலில் வளர்வது குளத்துப் பாசியினமே. அது பசும்பாசியை வழவழவென்று மூடிவிடும். சுக்காங்கல் கலந்த மண்ணைச் சுவர்ப்பாசி பொறுக்கும்; தரைமண்ணில் எடுத்த பாசிக்கு அது வேண்டாம். தென்னை நார்க்கழிவு சேர்க்க விரும்புவோர், அதில் உப்பு மிகுதியாதலால், நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்தபின் சேர்க்க வேண்டும்.

மண்ணை ஈரமாக்கி மட்டப்படுத்தி, பாசித் துண்டுகளை வைத்து விரலால் நன்கு அழுத்த வேண்டும். அடியில் காற்றிடம் இருந்தால் பாசி பற்றாது. நட்டு இரண்டாம் நாளும் ஏழாம் நாளும் மறுபடி அழுத்துவது நலம். துண்டு குறைவாயிருந்தால் காய்ந்த பாசியைக் கையில் கசக்கி மண்மேல் தூவலாம். ஒவ்வொரு நறுக்கும் தனிச்செடியாக வளர வல்லது. பொறுமை வேண்டும், மூடிவர மாதங்கள் ஆகும். பாசியைத் தயிரிலோ மோரிலோ அரைத்துப் பூசும் ஒரு முறையும் சொல்லப்படுகிறது. குளிர்ந்த நாட்டில் அது எப்படியோ, கோயமுத்தூரில் மூன்றாம் நாள் பூஞ்சணம்தான் விளையும்.

வெளிச்சத்தைப்பற்றி ஒரு முக்கிய எச்சரிக்கை உண்டு. வடக்கு ஜன்னலில் வெயில் விழாது, ஆகையால் அங்கே வை என்று மேனாட்டு நூல்கள் கூறும். கோயமுத்தூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 பாகையில் உள்ளது. சித்திரை முற்பகுதி முதல் ஆவணித் தொடக்கம் வரையில் நண்பகற் சூரியன் தலைக்கு வடக்கே செல்கிறது. காலையிலும் மாலையிலும் சாய்வெயில் வடக்கு ஜன்னலில் விழும். மூடிய கண்ணாடியில் வெயில் நேரே விழுந்தால், உள்ளே இருக்கும் ஈரப்பாசி அரைமணி நேரத்தில் வெந்துபோகக்கூடும். உலர்ந்த பாசி தாங்கும் வெப்பத்தை ஈரப்பாசி தாங்காது. ஆகவே திசையை நம்பாமல், அகன்ற தாழ்வாரத்தின் உட்புறமோ, ஆசாரத்தில் வெளிச்சம் வரும் மூலையோ பார்த்து வைப்பது நலம். விளக்கில்லாமல் பத்திரிகை படிக்க முடிகிற இடமாக அது இருந்தால் போதும். தொலைக்காட்சிப் பெட்டியின்மேலும், சமையலறை அலமாரியிலும் வைக்கலாகாது.

கோடையைக் கடத்துதல்

ஐப்பசி முதல் மாசி நடு வரையில் வேலை அதிகமில்லை. வாரம் ஒருமுறை திறந்து பார்த்து, வேண்டுமானால் தெளித்தால் போதும். காலையில் கண்ணாடியின் ஒருபுறம் மெல்லிய பனி படிந்து, நடுப்பகலுக்குள் தெளிந்தால் ஈரம் அளவாயிருக்கிறது. நாள் முழுவதும் சொட்டுச் சொட்டாக வடிந்தால் தண்ணீர் மிகுதி. மூடியை எடுத்து வைக்க வேண்டும். மூக்கும் நல்ல துணை. திறந்தவுடன் புதுமழை மண்வாசனை வீசினால் குறையில்லை. புளித்த நாற்றம் அடித்தால் அடிமண்ணில் நீர் தேங்கியுள்ளது.

மாசி பாதியிலிருந்து மூடியை முழுவதும் நீக்கிவிடுவது உத்தமம். இதன்பின் பேழையை ஈரமணல் நிரப்பிய அகன்ற மண்சட்டியில் பாதி புதையும்படி வைத்து, மணலை மட்டும் தினமும் நனைக்கலாம். குடிதண்ணீர்ப் பானையை ஈரமணல்மேல் வைத்துக் குளிரச் செய்வது நம் வீடுகளில் அறிந்ததே, இதுவும் அதுதான். கொங்கு நாட்டுக் கோடைக் காற்று உலர்ந்ததாகையால் இம்முறையில் நல்ல குளிர்ச்சி கிடைக்கும். மணலுக்கு ஊற்ற உப்புத் தண்ணீரே போதும், பாசியின்மேல் தெறிக்காமல் பார்த்துக்கொண்டால்.

பங்குனி நடுவிலிருந்து வைகாசி முடிய உள்ள நாட்களில், சுவர்ப்பாசியானால், தண்ணீரை அறவே நிறுத்தி உறங்க விட்டுவிடலாம். அழகுக்கு வைத்தது பழுப்பாகக் கிடக்கிறதே என்று மனம் கேட்காதுதான். ஆயினும் வெப்ப இரவுகளில் பச்சையாக வைத்திருக்கப் படும் பாட்டைவிட இது சுலபம். இதுவே அதன் இயற்கையும் ஆகும். ஒரேயடியாக வெயிலில் காய வைக்கலாகாது. மூடியின்றி நிழலில் வைத்து, மூன்று நான்கு நாட்களில் மெதுவாக உலரும்படி விட வேண்டும். விரைவில் உலர்ந்த பாசி நன்கு விழிப்பதில்லை. ஆனி பிறந்து பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசத் தொடங்கி, பகல் வெப்பம் தணிந்தபின், ஒரு காலையில் மழைநீரை நிறையத் தெளித்து எழுப்பலாம். உயிருள்ளது ஒருமணி நேரத்துக்குள் விரிந்து பச்சை காட்டும். இரண்டு நாளாகியும் பழுப்பாகவே இருந்து, விரலால் தொட்டால் குழைந்தால், அப்பகுதியை நீக்கிவிட்டுப் புதுத்துண்டு வைக்க வேண்டும். ஆடிக்காற்று மிகவும் உலர்த்துவது. அம்மாதத்தில் மூடியைப் பகலில் மட்டும் மூடி வைக்கலாம்.

மற்றக் கேடுகள் சிலவே. வெண்பஞ்சுபோல் பூஞ்சணம் தோன்றினால் அதனைக் குச்சியால் எடுத்தெறிந்து, இரண்டு மூன்று நாள் திறந்து உலரவிட்டால் போதும். பூஞ்சண மருந்து தெளித்தல் தேவையில்லை. தாமிர மருந்துகள் பாசியையே கொல்லும். பாசி வெளிறி, மெலிந்து, நெடுநெடுவென்று மேலெழுந்தால் வெளிச்சம் குறைவு என்று பொருள். சிறு கொசுப்போன்ற ஈக்கள் பறந்தால் மண் அதிக ஈரம். நத்தையை இரவில் விளக்கு வைத்துப் பார்த்துப் பொறுக்கலாம்.

விண்பதியம் போடும் தோட்டக்காரருக்கும் இங்கு ஒரு சொல். மாதுளை, கொய்யா, எலுமிச்சை இவற்றின் கிளையில் பட்டை நீக்கிய இடத்தைச் சுற்றிக் கட்டுவதற்கு ஈரப்பாசியை உபயோகிப்பது பழைய வழக்கம். அதற்கென்று மலைப்பாசியைத் தேட வேண்டியதில்லை. பொள்ளாச்சிப் பக்கத்தில் மலிந்து கிடக்கும் தென்னை நார்க்கழிவை மேற்சொன்னபடி உப்பு நீங்கக் கழுவிக் கட்டினாலும் வேர் பிடிக்கும். கழுவாமல் கட்டி, வேர் வரவில்லையென்று குறைகூறுவோர் பலர்.

ஐப்பசி மழை தொடங்கியதும் பேழையின் பழைய மண்ணை மேலாக அரை அங்குலம் மாற்றி, மழைநீரை நிறைய ஊற்றி, சாடியைச் சாய்த்து வடித்துவிட வேண்டும். ஆண்டு முழுவதும் சேர்ந்த உப்பு அத்துடன் வெளியேறும். கோடையில் உறங்கி விழித்த துண்டுகளிலிருந்தே அவ்வாண்டுப் புதுத்துண்டுகளை எடுத்து நடுவது நலம். வெப்பத்தைத் தாங்கிக் காட்டியவை அவையே.